பாதத்தை நக்கிக்கொண்டே இருக்கும் நாய்: அரிப்பா, பதற்றமா?

அலர்ஜி அரிப்பு பெரும்பாலும் ஒரு காலோடு நிற்காது. பாதங்களின் விரலிடுக்கு, காது, அடிவயிறு எல்லாம் சிவக்கும். எச்சில் பட்டு வெளிர்நிற முடி செம்பழுப்பாகும். ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நக்கும். முதலில் தெள்ளுப்பூச்சிக்கு மருந்து. உணவில் சந்தேகமென்றால் மருத்துவர் சொல்லும் பத்திய உணவு மட்டும், 8 வாரம். நடுவே ஒரு பிஸ்கட் போட்டாலும் சோதனை வீண் (வீட்டில் யாராவது போட்டுவிடுவார்கள்).

பதற்றமென்றால் பெரும்பாலும் முன்னங்கால் மணிக்கட்டில் ஒரே இடம்தான். முடி உதிர்ந்து தோல் தடித்துப் புண்ணாகும். தனியே விட்டாலோ பட்டாசு வெடித்தாலோ கூடும். நீங்கள் வெளியே கிளம்பிய பின் முதல் அரை மணி நேரம் நாய் என்ன செய்கிறது என்று போனில் பதிவு செய்தால் பாதி விடை கிடைக்கும். மருத்துவர் பதற்றம் குறைக்கும் ஃபுளுவாக்ஸெடின் மருந்து தந்தாலும் பலன் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகலாம். கழுத்தில் மாட்டும் கூம்பு நக்குவதைத் தடுக்குமே தவிர காரணத்தைத் தொடாது.

அந்த ஒற்றைப் புண்ணுக்கு அடியில் மூட்டுவலியும் இருக்கலாம். எக்ஸ்ரே பார்க்காமல் மனப்பிரச்சினை என்று முடிவு கட்டுவது அவசரம்.