கோபோ லிப்ரா கலர்: கனடாவில் இருந்துகொண்டு தமிழும் வாசிக்கிறவர் வாங்கலாமா?

கோபோ லிப்ரா கலர் என்பது ஏழு அங்குல வண்ணத் திரையுள்ள இ-ரீடர், அதாவது மின்நூல் வாசிக்கும் கருவி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வாங்கலாம். நான் வாங்கி ஒரு முழுக் குளிர்காலம் தாண்டிவிட்டது, தினமும் பையில் கிடக்கிறது. ஆனால் பெட்டியைப் பிரித்த கையோடு தமிழ் வாசித்துவிடலாம் என்று நம்பி யாரும் வாங்க வேண்டாம். ஒரு சனிக்கிழமை மத்தியானத்தை அதற்கென்று ஒதுக்கி உட்கார வேண்டியிருக்கும். கணினியிலிருந்து கோப்பை இழுத்துப் போடுவதே தலைவலி என்பவர்களுக்கு அமேசானின் கிண்டில்தான் சரி. அதைப் பிறகு சொல்கிறேன்.

இ-ரீடர் பற்றிப் பேசுகிற எல்லாரும் திரையில் ஆரம்பிக்கிறார்கள். எனக்கு அது கடைசி விஷயம். ஓரளவு நல்ல கருவி எதை எடுத்தாலும் கறுப்பு வெள்ளையில் அங்குலத்துக்கு 300 புள்ளி இருக்கிறது, எழுத்து அச்சுப் போலத் தெரிகிறது, அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. வெளியூரில் இருக்கிற நாம் கேட்டுக்கொள்ள வேண்டியது, நம் புத்தகம் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான். ஆங்கிலத்தை நூலகத்தில் இரவல் எடுக்கிறீர்களா, காசு கொடுத்து வாங்குகிறீர்களா? தமிழில் இன்றைக்கு எழுதுகிறவர்களின் புதுப் புத்தகங்கள் வேண்டுமா, இலவசமாகக் கிடைக்கும் பழையவை போதுமா? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் எந்தக் கருவி என்பது தானாகவே முடிவாகிவிடும்.

என் ஆங்கிலம் முழுக்க டொராண்டோ பொது நூலகத்திலிருந்து வருகிறது. நூலகங்கள் மின்நூல் இரவல் தரப் பயன்படுத்தும் ஓவர்டிரைவ் சேவை கோபோவில் உள்ளேயே இருக்கிறது. நூலக அட்டையை ஒரு முறை இணைத்துவிட்டால், கருவியிலேயே தேடி, இரவல் எடுத்து, வேறு யாராவது வைத்திருந்தால் வரிசையில் பெயர் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். தவணை முடிந்தால் புத்தகம் தானே போய்விடும், அபராதப் பேச்சே இல்லை. நியூ ஜெர்சியில் இருக்கும் சொந்தக்காரர்கள் ‘எங்க லைப்ரரி புக் எல்லாம் கிண்டில்லயே வருதே’ என்பார்கள். அவர்கள் சொல்வது உண்மைதான், ஆனால் நூலகப் புத்தகத்தைக் கிண்டிலுக்கு அனுப்பும் வசதி அமெரிக்க நூலகங்களுக்கு மட்டும்தான். எல்லையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால் கிடையாது. ஜெர்மனியில் இருப்பவர்களுக்கும் இதே கதைதான்: அங்கே நூலகங்கள் வைத்திருக்கும் ஒன்லைஹே என்ற மின்நூல் இரவல் சேவை, அந்த ஊர் இ-ரீடரான டோலினோவில் வரும், கோபோவிலும் வரும், கிண்டிலில் வராது. அதனால் இன்னொரு நாட்டில் இருப்பவர் சொல்லும் சிபாரிசைக் கேட்டு அப்படியே வாங்கிவிடாதீர்கள். மின்நூலைக் காசு கொடுத்து வாங்கினால் ஒன்டாரியோவில் 13 சதவீத வரி முழுசாகக் கட்ட வேண்டும். அச்சுப் புத்தகத்துக்கு 5 சதவீதம்தான். ஏன் இந்த ஓரவஞ்சனை என்று யாரைக் கேட்பது.

சரி, தமிழுக்கு வருவோம்.

கருவிகளில் தமிழ் இரண்டு விதமாகச் சொதப்பும், இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. பக்கம் முழுக்க வெறும் கட்டங்களாக வந்தால் உள்ளே தமிழ் எழுத்துரு இல்லை என்று அர்த்தம், ஒன்றைப் போட்டால் சரியாகிவிடும். எழுத்து வருகிறது, ஆனால் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கிறது என்றால் அது மென்பொருளின் கோளாறு. ‘கொ’வை எடுத்துக்கொள்ளுங்கள். கோப்பில் முதலில் ‘க’ இருக்கும், அதற்குப் பின்னால் ஒகரக் குறி. திரையில் காட்டும்போது அந்தக் குறியை இரண்டாகப் பிரித்துக் கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைக்க வேண்டும். இதைச் செய்யத் தெரியாத மென்பொருளில் நீங்கள் எவ்வளவு அழகான எழுத்துருவைப் போட்டாலும் கொம்பு போய் அடுத்த எழுத்தின் தலையில் உட்கார்ந்துகொள்ளும். இரண்டு பக்கம் வாசிப்பதற்குள் கண் மட்டுமில்லை, மனசும் சோர்ந்துவிடும்.

கோபோவின் மெனுவில் தமிழ் கிடையாது. கருவியில் ‘fonts’ என்று ஒரு கோப்புறையை உருவாக்கி நம் எழுத்துருவைப் போட விடுகிறார்கள், அதனால் கட்டப் பிரச்சினை தீர்ந்துவிடும். கொம்புப் பிரச்சினைக்கு நான் நம்புவது கோரீடரை. மின்நூல் வாசிப்பதற்கான கட்டற்ற மென்பொருள், காசு இல்லை. கோபோவின் சொந்த மென்பொருளைத் தொந்தரவு செய்யாமல் பக்கத்தில் ஒரு ஓரமாக உட்கார்ந்துகொள்ளும். எழுத்துகளைக் கோப்பதற்கு அது ஹார்ஃப்பஸ் என்ற மென்பொருள் துணுக்கைப் பயன்படுத்துகிறது. உங்கள் ஆண்ட்ராய்டு போனிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் தமிழைக் கோத்துக் காட்டுவதும் அதே ஹார்ஃப்பஸ்தான், அதனால் போனில் எப்படி வருகிறதோ அப்படியே இங்கேயும் வந்துவிடுகிறது. கோரீடருக்கென்று தனியாக எழுத்துருக் கோப்புறை இருக்கிறது. கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கும் நோட்டோ செரிஃப் தமிழ், மீரா இனிமை, முக்த மலர் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன். இ-ரீடரில் இருக்கும் மின்மைத் (இ-இங்க்) திரைக்குக் கொஞ்சம் தடிமன் வேண்டும். மெல்லிய கோடுள்ள எழுத்துரு போனில் அழகாக இருக்கும், இங்கே வெளிறிப் போகும். நான் நோட்டோ செரிஃபோடு நின்றுவிட்டேன்.

இன்னொன்று, இதை எந்த விமர்சனத்திலும் பார்த்ததில்லை. நம் சொற்கள் நீளம். ‘போய்க்கொண்டிருந்தவர்களையெல்லாம்’ என்று ஒரு சொல் வந்தால் ஆறு அங்குலத் திரையில், எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக வைத்திருந்தால், ஒரு வரி முழுக்க அதுவே படுத்துக்கொள்ளும். அதற்கு முந்தைய வரியில் இரண்டே சொல் இருக்கும், இரண்டு ஓரத்தையும் சமமாக்குகிறேன் என்று மென்பொருள் அந்த இரண்டையும் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இழுத்துப் போட்டிருக்கும், நடுவில் ஒரு லாரி போகலாம். ஓரம் சமன் செய்வதை நிறுத்திவிட்டு இடப்பக்கம் மட்டும் ஒட்டி வரும்படி வையுங்கள், பக்கம் உடனே அமைதியாகிவிடும். ஏழு அங்குலத் திரை எனக்குத் தேவைப்பட்டதும் இதனால்தான். ஆங்கிலம் மட்டும் வாசிப்பதாக இருந்தால் ஆறு அங்குலமே தாராளம்.

கோப்பு எங்கே கிடைக்கும்? தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தை எல்லாருக்கும் தெரிந்திருக்கும். 1998 பொங்கலன்று தொடங்கியது, தொடங்கியவர்களில் ஒருவரான கல்யாணசுந்தரம் அப்போது இருந்தது சுவிட்சர்லாந்தின் லொசானில். வெளிநாட்டில் உட்கார்ந்து தமிழ் வாசிக்க ஏங்கியவர்கள் நமக்கு முன்னாலேயே இருந்திருக்கிறார்கள், வெறுமனே புலம்பாமல் வேலையும் செய்திருக்கிறார்கள். அங்கே இருக்கும் யூனிகோடு பக்கத்தைச் சேமித்து, கேலிபர் என்ற கணினி மென்பொருளில் போட்டு இபப் என்ற மின்நூல் வடிவத்துக்கு மாற்றினால் போதும். ஃப்ரீ தமிழ் இபுக்ஸ் தளத்தில் அந்த வேலையும் மிச்சம், இபப் ஆகவே இருக்கிறது. கூடவே ஆறு அங்குலத் திரைக்கென்றே அமைத்த பிடிஎஃப் ஒன்றும் வைத்திருப்பார்கள். கருவியில் தமிழ் உடைந்து தொலைத்தாலும் அந்த பிடிஎஃப் உடையாது, எழுத்துரு அதற்குள்ளேயே பொதிந்திருக்கிறது. கோரீடர் எல்லாம் வேண்டாம் என்பவர்கள் அதையே வாசிக்கலாம், என்ன, எழுத்தின் அளவை மட்டும் மாற்ற முடியாது.

நூலகம் தளத்தில் ஈழத்துப் புத்தகங்களும் பழைய இதழ்களும் குவிந்து கிடக்கின்றன. ஸ்கார்பரோவில் என் பக்கத்து வீட்டு அண்ணர் யாழ்ப்பாணத்துக்காரர், அவருக்கு வேறு தளமே தேவையில்லை. ஆனால் பெரும்பாலும் ஸ்கேன் செய்த பக்கங்கள். ஏழு அங்குலத்தில் அப்படியே திறந்தால் எறும்பு ஊர்வது போல இருக்கும். கோரீடரில் பக்கத்தை மறுஅமைப்பு செய்யும் வசதி இருக்கிறது. ஸ்கேனில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் படமாகவே வெட்டி எடுத்து, பெரிதாக்கி, திரை அகலத்துக்கு ஏற்ப அடுக்கித் தருகிறது. எழுத்தை அடையாளம் காண வேண்டிய அவசியம் இல்லாததால் எந்த மொழியாக இருந்தாலும் அதற்குக் கவலை இல்லை. பக்கம் திருப்பக் கொஞ்சம் யோசிக்கும். மங்கலான ஸ்கேன் என்றால் இரண்டு வரிகளை ஒன்றாக்கிக் குழப்பும். நல்ல ஸ்கேனாக இருந்தால் அருமை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கோபோ கடையிலோ கூகுள் பிளே புக்ஸிலோ தமிழ்ப் புத்தகம் காசு கொடுத்து வாங்கினால் அது பெரும்பாலும் நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டோடு (டிஆர்எம்) வரும். பூட்டிய கோப்பைக் கோரீடர் திறக்காது. கோபோவின் சொந்த மென்பொருளில்தான் வாசிக்க வேண்டும், அங்கே கொம்பும் காலும் ஒழுங்காக உட்காருமா என்பதைப் புத்தகத்துக்குப் புத்தகம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். அதனால் கோபோ கடையில் வாங்குமுன் முன்னோட்டத்தைக் கருவியிலேயே இறக்கி ஒரு பக்கம் வாசியுங்கள். ‘கொ’, ‘போ’, ‘கை’ மூன்றும் சரியாக இருந்தால் பணம் கட்டலாம்.

இப்போது கருவி. எனக்கு இதில் மிகவும் பிடித்தது ஓரத்தில் இருக்கும் இரண்டு பொத்தான்கள். சின்ன விஷயமாகத் தெரியும். ஜனவரியில் பஸ் ஸ்டாப்பில் நின்று பார்த்தால் தெரியும் அதன் அருமை. கையுறையோடு தொடுதிரையைத் தடவினால் ஒன்றும் நடக்காது, கழற்றினால் விரல் விறைத்துவிடும், பொத்தான் என்றால் கையுறையோடு அழுத்திவிட்டு அடுத்த பக்கம் போய்க்கொண்டே இருக்கலாம். ஸ்கார்பரோவில் ஓடிக்கொண்டிருந்த அந்தப் பழைய ரயில் 2023 ஜூலையில் தடம் புரண்டதோடு ஒரேயடியாக மூடிவிட்டார்களே, அதற்குப் பிறகு கென்னடி ஸ்டேஷன் வரை பஸ்தான். வாசிக்க நேரம் நிறையக் கிடைக்கிறது, நன்றி சொல்வதா திட்டுவதா தெரியவில்லை. ரொம்பக் குளிரில் மின்மைத் திரை மந்தமாகும், முந்தைய பக்கத்தின் நிழல் லேசாக நிற்கும். உள்ளே வந்ததும் சரியாகிவிடும், பயப்பட வேண்டாம்.

நிறம்? அதற்காக வாங்காதீர்கள். நிறத்தில் கூர்மை அங்குலத்துக்கு 150 புள்ளிதான், பழைய செய்தித்தாள் வண்ணம் மாதிரி வெளிறி இருக்கும். நிற வடிகட்டி ஒன்று மேலே இருப்பதால் பின்புலமும் சாம்பல் பூத்தாற்போல இருக்கிறது, பகலிலும் விளக்கைக் கொஞ்சம் ஏற்றி வைக்க வேண்டியிருக்கிறது. புத்தக அட்டைகள் வண்ணத்தில் வரிசையாகத் தெரியும்போது சந்தோஷமாக இருக்கும், அவ்வளவுதான். பேனா தனியாக விற்கிறார்கள், எனக்குத் தேவைப்படவில்லை. எடை 200 கிராமுக்கு ஒரு துளி குறைவு. தண்ணீர் பட்டால் பாதிக்காது. பழுதுபார்ப்பு வழிகாட்டிகள் தரும் ஐஃபிக்ஸிட் நிறுவனத்தோடு சேர்ந்து உதிரி பாகமும் பழுதுபார்க்கும் வழிமுறையும் தருகிறார்கள், பேட்டரி செத்தால் தூக்கிப்போட வேண்டியதில்லை என்பது எனக்கு முக்கியமாகப் பட்டது. உறை மட்டும் மலிவாக இருக்கிறதே என்று ஆன்லைனில் ஏதோ ஒரு கடையில் வாங்கினேன், மூடினால் கருவி தூங்காது, பையில் கிடந்தபடியே பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. உறையில் கஞ்சத்தனம் வேண்டாம்.

கிண்டில் யாருக்கு? இன்றைக்கு எழுதுகிற தமிழ் எழுத்தாளர்களைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு. 2016 கடைசியில் அமேசான் தமிழுக்குக் கதவைத் திறந்த பிறகு நிறையப் பேர் நேரடியாக அங்கேயே வெளியிட ஆரம்பித்துவிட்டார்கள். அதில் பலர் தங்கள் புத்தகத்தைச் சந்தா கட்டி வாசிக்கும் கிண்டில் அன்லிமிடெட்டில் சேர்த்திருப்பார்கள், சேர்த்தால் அந்த மின்நூலை வேறு எந்தக் கடையிலும் விற்கக் கூடாது என்பது நிபந்தனை. கோபோ கடையில் தேடினால் அந்தப் புத்தகங்கள் கிடைக்காமல் போவது இதனால்தான். எழுத்தும் உடையாமல் வருகிறது, எந்த வித்தையும் தேவையில்லை. ஆனால் கணக்கு எந்த நாட்டுக் கடையோடு கட்டப்பட்டிருக்கிறதோ அந்த நாட்டுப் பட்டியல்தான் கிடைக்கும், அன்லிமிடெட் சந்தாவும் அந்தக் கடையோடு சேர்ந்தது, நாடு மாறினால் கூடவே வராது. 2025 பிப்ரவரி 26ஆம் தேதியிலிருந்து, வாங்கிய புத்தகத்தைக் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளும் வழியையும் எடுத்துவிட்டார்கள். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை நாடு மாறுகிற வேலையில் இருப்பவர்கள் இதையெல்லாம் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவிடம் கிண்டில் இருந்தால் அதைத் தொடாதீர்கள். இங்கே வந்திருக்கிறார்களே என்று கணக்கை கனடாவுக்கு மாற்றப் போனால், இந்திய விலையும் போய் சந்தாவும் போய் எல்லாம் கந்தலாகும். வைஃபை மட்டும் போட்டுக் கொடுங்கள், இந்தியக் கணக்கிலேயே ஜம்மென்று ஓடும்.

இரண்டும் வேண்டும் என்பவர்களுக்கு பூக்ஸ் போன்ற ஆண்ட்ராய்டு இ-ரீடர் இருக்கிறது, கிண்டில் செயலி, நூலகப் புத்தகத்துக்கான லிப்பி செயலி எல்லாவற்றையும் ஒன்றிலேயே போட்டுக்கொள்ளலாம். விலை கூட, பேட்டரி சீக்கிரம் தீரும். வாட்ஸப்பும் அதில் ஏறிவிடும் என்பதால் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

வாங்குவதானால் நவம்பர் கடைசித் தள்ளுபடி வரை பொறுக்கலாம். அதற்கு முன்னால் பக்கத்து இண்டிகோ கடைக்குப் போய்க் கையில் எடுத்துப் பாருங்கள், லிப்ராவுக்குப் பக்கத்திலேயே கோபோவின் இன்னொரு கருவியான கிளாரா பிடபிள்யூவையும் வைத்திருப்பார்கள். நிறம் இல்லை, பொத்தான் இல்லை, திரை ஆறு அங்குலம், எடை 174 கிராம், விலையும் நன்றாகவே குறைவு, பின்புலம் லிப்ராவைவிட வெளுப்பு. கோரீடர் அதிலும் ஓடும்.