ஸ்டென்சில் பெயின்ட் என்று சொல்லி ஸ்டிக்கர் ஒட்டித் தந்தார்: பழைய ஆர்கேட் கேபினெட் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

பக்கவாட்டில் ஸ்டென்சில் (படம் வெட்டியெடுத்த தகடு) வைத்து பெயின்ட் அடித்த பழைய ஆர்கேட் கேபினெட், அதாவது காசு போட்டு ஆடும் வீடியோ கேம் பெட்டி, உங்களிடம் இருக்கிறதா? புதுப்பிக்க யாரிடமாவது கொடுக்கப் போகிறீர்களா? தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். என் ரோபோட்ரான் 2084 கேபினெட்டில் இத்தனை வருடம் தாங்கி நின்ற ஒரிஜினல் பெயின்ட்டை ஒருவர் முழுவதுமாகத் தேய்த்து எடுத்துவிட்டார். ஒரு பக்கம் அரைகுறையாக ஸ்டென்சில் அடித்தார், மறுபக்கம் அச்சடித்த ஸ்டிக்கரை ஒட்டினார். இரண்டுமே கையால் அடித்த பெயின்ட்தான் என்று சொல்லி முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டார்.

ரோபோட்ரான் 1982இல் வில்லியம்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஆட்டம். யூஜின் ஜார்விஸும் லாரி டிமாரும் உருவாக்கியது. சுடுவதற்குப் பொத்தான் கிடையாது, இரண்டு ஜாய்ஸ்டிக் மட்டும்தான்: ஒன்று நகர, ஒன்று சுட. அந்தக் காலத்து வில்லியம்ஸ் கேபினெட்டுகள் பலவற்றுக்கு, டிஃபெண்டர், ஜவுஸ்ட் உட்பட, பக்கவாட்டுப் படத்தை ஸ்டென்சில் வைத்து நேராகப் பலகை மேலேயே ஸ்ப்ரே செய்தார்கள். மிட்வே தயாரித்த பேக்-மேன் கேபினெட்டிலும் அப்படித்தான். ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்டென்சில். ஒன்று காய்ந்த பிறகு அடுத்ததை வைப்பார்கள். அவசர அவசரமாக நடக்கிற தொழிற்சாலை வேலை என்பதால் நிறங்கள் எல்லா இடத்திலும் சரியாகப் போய்ச் சேராது. ஓரிடத்தில் இரண்டு நிறங்களுக்கு நடுவே மெல்லிய கறுப்புக் கோடு தெரியும், இன்னோரிடத்தில் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கும். ஸ்டென்சில் பலகையோடு ஒட்டாமல் தூக்கி நின்ற இடத்தில் பெயின்ட் உள்ளே புகுந்து விளிம்பு புகைபோல மங்கியிருக்கும். அதனால் ஒரே ஆட்டத்தின் இரண்டு கேபினெட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்கூட அச்சு அசலாக ஒன்றாக இருக்காது. எனக்கு இந்த மெஷின் மேல் ஆசை வந்ததே அதனால்தான். யாரோ ஒரு தொழிலாளி கையில் ஸ்ப்ரே கன்னோடு நின்ற தடம் அந்தப் பலகையில் இருந்தது.

வேலை கொடுத்தபோது எல்லாவற்றையும் எழுத்தில்தான் கொடுத்தேன். இடது பக்கம் நன்றாகவே இருந்தது, அடிப்பகுதி மட்டும் ஈரம் குடித்து உப்பியிருந்தது. வலது பக்கத்தில் ஆழமான கீறல்கள். உப்புத்தாளைத் தொடுவதற்கு முன்னால் இரண்டு பக்கத்தையும் ட்ரேஸிங் பேப்பரில் முழு அளவில் பிரதி எடுக்க வேண்டும். ஸ்கேல் வைத்து நேருக்கு நேராகப் படம் எடுக்க வேண்டும். டி-மோல்டிங்குக்கு (பலகை விளிம்பைச் சுற்றி வரும் பிளாஸ்டிக் பட்டை) கீழே வெளிச்சம் படாமல் மங்காதிருக்கும் பெயின்ட்டை வைத்து நிறம் பொருத்த வேண்டும். தனிப் பலகையில் மாதிரி அடித்து எனக்குக் காட்ட வேண்டும். இடது பக்கத்தில் அடிப்பகுதியை மட்டும் சரிசெய்து, மேலே இருப்பதை அப்படியே விட வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தான் செய்த வேலை என்று சில கேபினெட்டுகளின் படங்களைக் காட்டினார், அவை உண்மையிலேயே அருமையாக இருந்தன. முன்பணம் கொடுத்தேன்.

கொஞ்ச நாள் சத்தமே இல்லை. அப்புறம் ஒரு புகைப்படம் வந்தது. இரண்டு பக்கமும் பிரைமர் என்கிற சாம்பல் நிற அடிப்பூச்சு. இடது பக்கத்தில் ஒரு துளி பழைய பெயின்ட்கூட மிச்சமில்லை. ட்ரேஸிங் எங்கே என்று கேட்டேன். கம்ப்யூட்டரில் இருக்கிறது, கவலைப்படாதீர்கள் என்றார். அவரிடம் இருந்தது சாய்வாக நின்று யாரோ எடுத்த ஒரு இணையப் படம். அதை மென்பொருளில் போட்டு, தானாகவே கோடு எடுக்கவிட்டு மாஸ்க் (பெயின்ட் படக் கூடாத இடத்தை மூடும் வினைல் ஸ்டென்சில்) வெட்டியிருக்கிறார். சாய்ந்த கோணத்தில் எடுத்த படத்தில் ஒரு ஓரம் அகலமாகவும் மறு ஓரம் குறுகலாகவும்தான் விழும். அதை யாரும் நிமிர்த்தவில்லை. வளைவாக இருக்க வேண்டிய கோடுகள் முனை முனையாக உடைந்திருந்தன. என் கேபினெட்டுக்கே உரிய அந்தக் கறுப்பு இடைவெளிகள், புகைபோன்ற விளிம்புகள் எதுவும் இல்லை.

இடது பக்கம் அடித்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதை வைத்துத்தான் வேலை தெரிந்தவரா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியும். வினைல் மாஸ்க்கை ஒட்டியதும், எடுத்த எடுப்பில் படத்தின் நிறத்தை அடிக்கக் கூடாது. முதலில் அடிநிறத்தையே ஒரு மெல்லிய பூச்சாக அடிக்க வேண்டும். மாஸ்க் விளிம்புக்குக் கீழே ஏதாவது கசிந்தாலும் அது அடிநிறத்தோடு கலந்து மறைந்துவிடும், வழியும் அடைபட்டுவிடும். அதற்கு மேல் மெல்லிய பூச்சுகளாகப் படத்தின் நிறம். பெயின்ட் முழுக்க இறுகுவதற்கு முன்பே, மாஸ்க்கைத் தன் மேலேயே மடித்தாற்போல் மெதுவாக உரிக்க வேண்டும். இவர் அடைப்புப் பூச்சு அடிக்கவில்லை. ஒரே தடவையில் கனமாக அடித்து, நாள்கணக்கில் மாஸ்க்கை அப்படியே விட்டிருக்கிறார். உரித்தபோது பெயின்ட் தோலாகக் கிழிந்து வந்திருக்கிறது, விளிம்பெல்லாம் ரம்பப் பல். பசையும் பலகையில் தங்கிவிட்டது.

அதைவிட மோசம், பெயின்ட் சுருங்கியது. எண்ணெய் எனாமல் ஸ்ப்ரே டப்பாக்கள் பலவற்றின் பின்னாலேயே எழுதியிருப்பார்கள்: அடுத்த பூச்சு ஒரு மணி நேரத்துக்குள், இல்லையென்றால் 48 மணி நேரம் கழித்து. இடைப்பட்ட நேரத்தில் மேல்தோல் காய்ந்திருக்கும், அடிப்பகுதி இளகியே இருக்கும். அப்போது அடித்தால் புதுப் பூச்சின் கரைப்பான் உள்ளே இறங்கிக் கீழிருப்பதை உப்ப வைக்கும், மேல்பரப்பு உலர்ந்த திராட்சை போலச் சுருங்கிவிடும். என் கேபினெட்டில் இரண்டு நிறங்கள் சந்திக்கும் இடமெல்லாம் அப்படித்தான் இருந்தது. அதன் மேல் பளபளவென்று கிளியர் கோட் (நிறமில்லாத மேல்பூச்சு) அடித்து மறைக்கப் பார்த்திருக்கிறார். நான் கிளியர் கோட் கேட்கவே இல்லை.

இடது பக்கம் இப்படிப் போனதும் வலது பக்கத்துக்கு வேறு வழி பிடித்திருக்கிறார். படத்தைப் பெரிதாக அச்சடித்து ஸ்டிக்கராக ஒட்டி, மேலே அதே கிளியர் கோட். கொண்டுவந்து இறக்கிய அன்று மங்கலான வெளிச்சத்தில் பார்க்க அழகாகவே இருந்தது. மறுநாள் பகல் வெளிச்சத்தில் விரல் வைத்துத் தடவியபோதுதான் உறைத்தது. ஸ்டென்சில் பெயின்ட்டில் நிறம் மாறும் ஒவ்வொரு இடத்திலும் சின்னப் படி ஒன்று விரலுக்குத் தட்டுப்படும். இங்கே எல்லா நிறமும் ஒரே சமதளம். பூதக்கண்ணாடி வைத்தால் அச்சுப் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தன. டி-மோல்டிங்கைக் கொஞ்சம் பிரித்தேன். வினைலின் விளிம்பு பலகை ஓரத்தில் மடிந்து பள்ளத்துக்குள் செருகியிருந்தது. மேலே எவ்வளவு கனமாகக் கிளியர் கோட் அடித்தாலும் அந்த இடத்தை மறைக்க முடியாது. அதனால் வேலை முடிந்த கேபினெட்டை வாங்கும்போது முதலில் அங்கேதான் பாருங்கள்.

கண்ட்ரோல் பேனலையும் விடவில்லை. மெல்லிய உலோகத் தகடுகள் ஒன்றையொன்று தொட்டு வேலை செய்யும் லீஃப் சுவிட்ச் வைத்த பழைய ஜாய்ஸ்டிக்குகள் போய், டிக் டிக் என்று சத்தம் போடும் மைக்ரோ சுவிட்ச் ஜாய்ஸ்டிக்குகள் வந்திருக்கின்றன. பழையது ரிப்பேர் என்றார். நான் கொடுக்கும்போது இரண்டும் வேலை செய்ததற்கு என்னிடம் வீடியோ இருக்கிறது.

கேட்டதற்கு அவர் சொன்ன பதில் இது: இரண்டடி தள்ளி நின்று பார்த்தால் யாருக்கும் தெரியாது. ஸ்டிக்கர் பற்றிக் கேட்டதும், எல்லாரும் இப்போது இதைத்தான் கேட்கிறார்கள் என்றார். ஸ்டிக்கர் ஒட்டுவது தப்பே இல்லை, சொல்லிவிட்டு ஒட்டினால். டாங்கி காங் மாதிரி ஸ்டிக்கரோடு வந்த மெஷின்களுக்கு அதுதான் சரியும்கூட. ஸ்டென்சில் என்று எழுதி வாங்கிய பணத்துக்கு ஸ்டிக்கர் ஒட்டினால் அதன் பெயர் மோசடி. அவர் முதலில் காட்டிய படங்களில் ஒன்று வேறொருவர் தன் சொந்த மெஷினை எடுத்தது என்பதும் பின்னால் தெரியவந்தது. பணம் திரும்ப வரவில்லை. இப்போது போனையும் எடுப்பதில்லை.

நீங்கள் யாரிடம் கொடுத்தாலும் ட்ரேஸிங்கை உங்கள் வீட்டிலேயே, உங்கள் கண் முன்னால் எடுத்துக்கொண்ட பிறகு மெஷினை அனுப்புங்கள். வண்டி ஏறிவிட்டால் உப்புத்தாள் எப்போது விழும் என்று உங்களுக்குத் தெரியாது. பழைய வேலைகளின் படம் காட்டினால், நடுவில் எடுத்த படங்களையும் கேளுங்கள்: மாஸ்க் ஒட்டியது, ஒரு நிறம் மட்டும் அடித்தது, உரிக்கும்போது எடுத்தது. தானே செய்தவரிடம் அவை இல்லாமல் இருக்காது. மாதிரிப் பலகையைப் புகைப்படமாகப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள், கையில் வாங்கித் தடவிப் பாருங்கள். பணத்தைப் பிரித்துக் கொடுங்கள். முதல் நிறத்தைப் பார்த்த பிறகு அடுத்த தவணை. கழற்றி எடுக்கக்கூடிய ஜாய்ஸ்டிக், சர்க்யூட் போர்டு, மானிட்டர் எல்லாவற்றையும் உங்களிடமே வைத்துக்கொண்டு வெறும் கேபினெட்டை மட்டும் அனுப்புங்கள். மானிட்டரைக் கழற்றத் தெரிந்தவரை வைத்தே கழற்றுங்கள், பழைய பிக்சர் டியூப் மின்சாரத்தை நிறுத்திய பிறகும் ஷாக் அடிக்கும்.

வலது பக்க ஸ்டிக்கரை ஹீட் கன் வைத்துச் சூடாக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்துக்கொண்டிருக்கிறேன். பிரைமரும் சேர்ந்து வருகிறது. மறுபடி பட்டி பார்த்துத் தேய்க்க வேண்டும். புதிய ஸ்டென்சிலை நானே வெட்டுவதாக முடிவு செய்திருக்கிறேன். என்னிடம் இருப்பது நான் முன்பு எடுத்த சாதாரணப் புகைப்படங்கள்தான், அவற்றில் வலது பக்கக் கீழ்ப்பாதி பாதி நிழலில் இருக்கிறது. தேய்க்காத ரோபோட்ரான் வைத்திருப்பவர் யாராவது அந்தப் பகுதியை மட்டும் முழு அளவில் ட்ரேஸ் செய்து தர முடியுமா? பேப்பர், அனுப்பும் செலவு என்னுடையது. வெட்டி முடித்ததும் அந்த ஸ்டென்சிலின் கம்ப்யூட்டர் ஃபைலை உங்களுக்கும், கேட்கிற எல்லாருக்கும் இலவசமாகவே கொடுத்துவிடுகிறேன்.