டிவிடி ஓடினால் போதுமா? கீழக்கரையில் புளூ-ரே பிளேயர் வாங்கிய கதை

இந்தக் காலத்தில் யார் தட்டு போட்டுப் படம் பார்க்கிறார்கள் என்று கேட்டால் எங்கள் வீட்டு பீரோவைத்தான் திறந்து காட்டணும். லாத்தா கல்யாண டிவிடி மூன்று, துபாயிலிருந்து மச்சான் கொண்டுவந்த புளூ-ரே (டிவிடி மாதிரியே இருக்கும், படம் இன்னும் தெளிவாக வரும் தட்டு) பதினாலு, சென்னையில் நான் வாங்கியது கொஞ்சம். பழைய டிவிடி பிளேயர் போன மழையோடு போய்விட்டது, திறந்தால் உள்ளே ஸ்க்ரூ எல்லாம் துரு. கடல் காற்று அப்படி.

முதலில் மச்சான் துபாயிலிருந்து ஒரு பிளேயர் கொண்டுவந்தார். அவர் தட்டெல்லாம் ஜோராக ஓடியது, நான் இங்கே வாங்கியதில் இரண்டு மட்டும் ஏரியா சரியில்லை என்று துப்பிவிட்டது. புளூ-ரேக்கு உலகத்தை ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள், வளைகுடா பி, நாம் சி. டிவிடிக்கு வேறு கணக்கு, அங்கே 2, இங்கே 5. எல்லாத் தட்டுக்கும் இந்தப் பூட்டு இருக்காது, அட்டையின் பின்பக்கம் எழுத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். கல்யாணத் தட்டுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. லீவு முடிந்து போகும்போது மச்சானே அந்த பிளேயரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அப்புறம் பழையதாவது கிடைக்குமா என்று ராமநாதபுரத்தில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு டிவிடியைப் போட்டுக் காட்டினார், படம் பளிச்சென்று வந்தது, ‘எடுத்துக்கங்க தம்பி’ என்றார். நல்லவேளை கையில் ஒரு புளூ-ரே கொண்டு போயிருந்தேன். அதைப் போட்டால் டிரே இரண்டு தடவை முனகிவிட்டு ‘டிஸ்க் இல்லை’ என்றது. டிவிடியைப் படிப்பது சிவப்பு லேசர், 650 நானோமீட்டர். புளூ-ரேயைப் படிப்பது 405 நானோமீட்டர் நீல ஊதா லேசர். நீலம் செத்துப்போனாலும் சிவப்பு வேலை செய்யும், அதனால் டிவிடி ஓடுகிறதே என்று நம்பி மட்டும் காசைக் கொடுத்துவிடாதீர்கள். இரண்டு வகைத் தட்டையும் கொண்டுபோய், புளூ-ரேயை நடுவிலும் கடைசியிலும் தள்ளித் தள்ளி ஓடவிட்டுப் பாருங்கள்.

கடைசியில் மதுரையில் ஒருவரிடம் சோனி பிடிபி-எஸ்1500, 4,500 ரூபாய்க்கு வாங்கினேன். கையடக்கமான பெட்டி. வைஃபை கிடையாது, இன்டர்நெட் வயர் சொருகும் லேன் மட்டும். எனக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை. புதுத் தட்டு சில நேரம் அப்டேட் இல்லாமல் ஓடாது, அதற்கு ஒரு லேன் வயர் இழுத்தால் முடிந்தது. மச்சான் தட்டில் பதினொன்று ஓடுகிறது, மூன்றுக்கு பி பூட்டு. பென் டிரைவில் பழைய எம்கேவி ஃபைல் படங்கள் சரி, புது போன்களில் எடுக்கும் ஹெச்இவிசி என்ற வகை வீடியோ மட்டும் இதில் ஓடாது.

டிவியில் எச்டிஎம்ஐ வயர் சொருகும் இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 2014-லிருந்து தயாரான புளூ-ரே பிளேயரில் பழைய டிவியில் சொருகும் அந்த மஞ்சள் பின் வழியாகப் படம் வராது, காப்பி அடிப்பதைத் தடுக்கப் போட்ட ஒப்பந்தம் அது. பழைய டியூப் டிவிக்கு இதை வாங்கிப் பிரயோஜனமில்லை. 4கே பிளேயர் வேண்டுமா என்றால், எங்கள் மாதிரி 32 இஞ்ச் டிவிக்கு வேண்டாம், அந்தக் காசுக்குத் தட்டு வாங்கலாம். ஆனால் ரொம்ப நாள் யோசிக்காதீர்கள். ஓப்போ கம்பெனி பிளேயர் தயாரிப்பை 2018-லேயே நிறுத்திவிட்டது, எல்ஜியும் 2024-ல் கைவிட்டது. நல்லது கண்ணில் பட்டால் வாங்கிவிடுங்கள்.

கடலோரத்து ஆட்களுக்கு ஒன்று: ஓடும்போது துணி போட்டு மூடாதீர்கள், சூடு ஆறின பிறகு மூடுங்கள். தட்டை நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்காதீர்கள்.

கல்யாண டிவிடி மூன்றாவதில் பந்தி வரும் இடம் இதிலும் திக்குகிறது, அது தட்டில் விழுந்த கீறல். அந்த இடம் வந்தாலே உம்மா ரிமோட்டை வாங்கித் தானே தள்ளிவிடுகிறார்.