பெல்ட்டா, டைரக்ட் டிரைவா, ரப்பர் சக்கரமா? பழைய டர்ன்டேபிள்கள் ஓர் ஒப்பீடு

பழைய ஸ்டீரியோ செட் சேர்க்கத் தொடங்குகிறவர்கள் ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் பற்றியெல்லாம் துருவித் துருவி விசாரிக்கிறார்கள். டர்ன்டேபிள் என்று வந்ததும், "சுற்றுகிறது இல்லையா? சரி, போதும்" என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கேட்பதில்லை. மொத்த செட்டிலும் இசைத்தட்டைத் தொடுகிற கருவி அது ஒன்றுதான். அங்கே கோணலாகிப்போனதை எவ்வளவு நல்ல ஆம்ப்ளிஃபயராலும் நிமிர்த்த முடியாது.

தட்டைச் சுழற்றும் விதத்தில் பழைய டர்ன்டேபிள்கள் மூன்று வகை. மோட்டாருக்கும் சுழல்தட்டுக்கும் நடுவே ரப்பர் சக்கரம் உரசி ஓட்டும் ஐட்லர். ரப்பர் பெல்ட் இழுக்கும் பெல்ட் டிரைவ். மோட்டாரின் அச்சிலேயே தட்டு உட்கார்ந்திருக்கும் டைரக்ட் டிரைவ். மூன்றையும் வைத்துப் பல வருடம் கேட்டிருக்கிறேன், மூன்றையும் திறந்தும் பார்த்திருக்கிறேன். எதில் சத்தம் நன்றாக இருக்கும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நாற்பது, ஐம்பது வயதான கருவியை வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது வேறு: இது எந்த இடத்தில் மூப்படையும், அந்த மூப்பை என் கையால் பார்த்துக்கொள்ள முடியுமா?

ரப்பர் சக்கரத்திலிருந்து தொடங்கலாம். மூன்றில் மூத்தது அதுதான். கொலம்பியா நிறுவனம் 1948-ல் நிமிடத்துக்கு 33⅓ சுற்றுச் சுற்றும் எல்.பி. தட்டுகளை வெளியிட்டபோது வீடுகளில் 78 சுற்றுத் தட்டுகள் குவிந்து கிடந்தன. அடுத்த வருடமே ஆர்.சி.ஏ. விக்டரின் 45 சுற்றுத் தட்டும் வந்து சேர்ந்தது. எல்லா வேகத்துக்கும் ஈடுகொடுக்க வலுவான மோட்டாரும் ரப்பர் சக்கரமும் தோதாக இருந்தன. 1950களில் வந்த காரார்டு 301 இந்த வகையின் பெரிய பெயர். பி.பி.சி.யே பயன்படுத்திய கருவி. ஊசியைத் தாங்கும் டோன் ஆர்ம் இல்லாமல் வெறும் மோட்டாரும் தட்டுமாகத்தான் விற்றார்கள். ஆர்மை நாமே தேர்ந்து பொருத்திக்கொள்ள வேண்டும்.

ஐட்லரின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் இருக்கின்றன. மோட்டாரின் முழு விசையும் நேராகத் தட்டுக்குப் போகிறது, அதன் அதிர்வும் கூடவே போகிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இந்த மாதிரி மோட்டார் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1500 சுற்றுச் சுற்றும். அதாவது நொடிக்கு 25. அந்த அதிர்வு காதுக்கு எட்டும் எல்லைக்குள்தான் வருகிறது. பாட்டின் மெல்லிய இடங்களில் அடியில் ஓர் உறுமல் கேட்டால் அது இதுதான். ஆனால் டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் சேர்ந்து நடக்கும் பாட்டைப் போட்டால், தாளத்தில் ஓர் ஊன்றல் தெரியும். பலர் சொல்லிக் கேட்டபோது நம்பவில்லை. என்னிடம் இருக்கும் லென்கோ என்ற ஐட்லரில் கேட்ட பிறகு எனக்கும் அப்படித்தான் படுகிறது.

லென்கோவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். அதன் மோட்டார் தண்டு கூம்பு வடிவம். சக்கரம் அதன் மேல் எந்த இடத்தில் தொடுகிறதோ அதற்கேற்ப வேகம் மாறும், படிப்படியாக இல்லாமல் வழுக்கிக்கொண்டே. 78 என்று எழுதியிருக்கும் பழைய தட்டுகள் எல்லாமே சரியாக 78-ல் பதிவானவை அல்ல. 76, 80 என்று முன்னே பின்னே இருக்கும். அவற்றைச் சேர்க்கிறவர்களுக்கு இந்தக் கூம்பு பெரிய வரம். (78-க்கு ஊசியும் வேறு. எல்.பி. ஊசியைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அகலமான நுனி வேண்டும்.)

மூப்பு? ரப்பர் சக்கரம்தான். முந்தைய உரிமையாளர் கருவியை அணைக்கும்போது சக்கரத்தை விடுவிக்காமல் வருடக்கணக்கில் அப்படியே அழுத்தி வைத்திருந்தால், அழுந்திய இடம் தட்டையாகிவிடும். பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் 'தப்... தப்...' என்று ஒலிக்கும். லேசான பள்ளம் என்றால் சக்கரத்தைச் சுழலவிட்டு மென்மையான உப்புத்தாளால் தேய்த்து ஒழுங்குபடுத்தலாம். தேய்த்தால் சக்கரம் சிறுத்து வேகம் மாறிவிடுமே என்று பயப்பட வேண்டாம். நடுவில் இருக்கும் சக்கரம் வேகத்தைக் கடத்துகிறது, அவ்வளவுதான். மோட்டார் தண்டின் அளவும் சுழல்தட்டில் சக்கரம் தொடும் இடமும்தான் வேகத்தைத் தீர்மானிக்கின்றன.

பெல்ட் டிரைவ் பக்கம் வந்தால் எட்கர் வில்ச்சரைச் சொல்லாமல் இருக்க முடியாது. அவருடைய அகூஸ்டிக் ரிசர்ச் நிறுவனம் 1961-ல் வெளியிட்ட டர்ன்டேபிளைத் திறந்தால் உள்ளே எதுவுமே இல்லாதது போல் இருக்கும். சுழல்தட்டையும் ஆர்மையும் ஒரே சட்டத்தில் பொருத்தி மூன்று ஸ்பிரிங்கில் மிதக்கவிட்டார்; மோட்டாரைத் தனியாக ஒதுக்கினார். இரண்டுக்கும் நடுவே மெல்லிய பெல்ட். மோட்டாரின் அதிர்வு பெல்ட்டிலேயே கரைந்துபோகிறது. தோரன்ஸ் டிடி-150, டிடி-160, லின் எல்பி12 எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். தோரன்ஸின் 16 துருவ மோட்டார் 50 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 375 சுற்று மட்டும் ஓடுகிறது, நொடிக்கு ஆறேகால். நம் காதுக்கு எட்டாத அதிர்வு. ஐட்லரின் 25-ஐ இதனோடு வைத்துப் பாருங்கள், பின்னணி ஏன் இவ்வளவு அமைதியாக இருக்கிறது என்பது புரியும்.

என் முதல் நல்ல டர்ன்டேபிள் இந்த வகை. வாங்கிக்கொண்டு வந்து, புதுப் பெல்ட் மாட்டி, எனக்கு மனப்பாடமான ஒரு தட்டைப் போட்டேன். பாடகியின் குரல் ஒன்றரைக் கட்டை இறங்கி, தூக்கக் கலக்கத்தில் பாடுவது போல வந்தது. பெல்ட்டை மாற்றினேன், பேரிங்குக்கு எண்ணெய் விட்டேன், மாற்றமில்லை. கடைசியில் சுழல்தட்டின் விளிம்பில் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி, கடிகாரத்தை வைத்துக்கொண்டு எண்ணினேன். ஒரு நிமிடத்துக்கு 28 சுற்று, அதுவும் முழுசாக இல்லை. 33⅓-ஐ 60-ஆல் வகுத்து 50-ஆல் பெருக்கினால் கிடைப்பது 27.8! மோட்டார் தண்டில் பெல்ட் ஓடும் பித்தளைப் புல்லி 60 ஹெர்ட்ஸ் நாட்டுக்காகச் செய்தது. என் வீட்டு மின்சாரம் 50. கட்டைவிரல் நகத்தளவு பித்தளைத் துண்டு. சரியான அளவில் ஒன்று கிடைத்து மாட்டியதும் அந்தக் குரல் தன் இடத்தில் வந்து நின்ற கணத்தை இன்னும் மறக்கவில்லை.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மின்னணுவியல் தெரியாத நான், காகிதமும் கடிகாரமும் வைத்தே கோளாறைக் கண்டுபிடித்தேன். பெல்ட் டிரைவில் பெரும்பாலான சிக்கல்கள் இந்த மாதிரிக் கண்ணுக்குத் தெரிகிறவை. பெல்ட் தளரும், வெடிக்கும். மாற்ற ஐந்து நிமிடம். புல்லியில் பிசுக்குப் படியும். ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் போகும். குறை என்றால், ஸ்பிரிங்கில் மிதக்கும் கருவிக்கு ஆள் நடந்தால்கூட ஆட்டம் காணும் தரை ஆகாது, ஊசி துள்ளும். இதற்குச் சுவரில் பொருத்திய தட்டுப்பலகைதான் நல்ல தீர்வு. அப்புறம், பழைய அகூஸ்டிக் ரிசர்ச் போன்றவற்றில் 45-க்கு மாற வேண்டுமென்றால் சுழல்தட்டைத் தூக்கி பெல்ட்டைக் கையால் நகர்த்த வேண்டும்.

டைரக்ட் டிரைவில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. இன்று பானசோனிக் எனப்படும் மட்சுஷிடா நிறுவனத்தில் ஷூயிச்சி ஒபாடா உருவாக்கிய டெக்னிக்ஸ் எஸ்பி-10 இந்த வகையில் முதலாவது, 1970-ல் கடைக்கு வந்தது. 1972-ல் எஸ்எல்-1200, சில வருடங்களில், வேகத்துக்குக் குவார்ட்ஸ் கட்டுப்பாட்டோடு, அதன் இரண்டாம் வடிவமான எம்கே2. வீட்டில் பாட்டுக் கேட்கச் செய்த கருவியை டி.ஜே.க்கள் தங்களுடையதாக்கிக்கொண்டதும், 2010-ல் உற்பத்தி நின்று 2016-ல் மறுபடி தொடங்கியதும் பலருக்குத் தெரிந்த கதை. பொத்தானை அழுத்தினால் எம்கே2 முக்கால் நொடிக்குள் முழு வேகம் பிடித்துவிடும். 45 சுற்றுச் சின்னத் தட்டுகளை நிறைய வைத்திருந்து, ஒன்று மாற்றி ஒன்று போட்டுக்கொண்டே இருக்கிறவர்களுக்கு இதற்கு இணை கிடையாது.

அன்றைய பெல்ட் ஆதரவாளர்கள் டைரக்ட் டிரைவின் மின்னணுக் கட்டுப்பாடு வேகத்தைத் திருத்திக்கொண்டே இருப்பதால் இசை கெடுகிறது என்று வாதிட்டார்கள். எனக்கு அந்த வாதம் பிடிபடவில்லை. எம்கே2-வின் வேகத் தடுமாற்றம் 0.025 சதவீதம் என்று தயாரிப்பாளரே கொடுத்த கணக்கு. இப்போது நம் இசைத்தட்டைப் பாருங்கள். நடுத்துளை அரை மில்லிமீட்டர் விலகியிருந்தால், மையத்திலிருந்து 10 சென்டிமீட்டர் தூரத்தில் ஓடும் பாட்டில் வேகம் அரை சதவீதம் ஏறி இறங்கும். அளக்கும் முறை வேறு என்பதற்குக் கொஞ்சம் கழித்துக்கொண்டாலும் பல மடங்கு அதிகம். பியானோவின் நீண்ட சுரம் தள்ளாடுவது கேட்டால், ஊசி ஓடும்போது ஆர்ம் பக்கவாட்டில் ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடினால் தட்டின் துளைதான் காரணம், எந்த வகை மோட்டாரும் அதைச் சரிசெய்யாது. நகமிச்சி நிறுவனம் 1980களில் இசைத்தட்டை அளந்து தானே மையப்படுத்தும் டர்ன்டேபிள் ஒன்றைச் செய்தது. உண்மையான நோயைக் கண்டவர்கள் அவர்கள்தான் என்று நினைக்கிறேன்.

டைரக்ட் டிரைவின் மூப்பு சர்க்யூட் போர்டில் இருக்கிறது. வேகம் தாவினால் முதலில் வேகக் கட்டுப்பாட்டுக் குமிழை முப்பது, நாற்பது தடவை இப்படியும் அப்படியும் திருப்பி, கான்டாக்ட் கிளீனர் அடித்துப் பாருங்கள். தூசிதான் காரணம் என்றால் அதிலேயே தீர்ந்துவிடும். கெபாசிட்டர் காய்ந்திருந்தால் சாலிடரிங் தெரிந்தவர் மாற்றிவிடுவார். ஆனால் அந்த மாடலுக்கென்றே செய்த ஐ.சி. (சிப்) போய்விட்டால், அதே மாடலில் இன்னொரு பழைய கருவியைத் தேடிப் பிடிப்பதைத் தவிர வழியில்லாமல் போகலாம். என்னிடம் ஒன்று அப்படித்தான் போனது. சாயங்காலம் வரை நன்றாகப் பாடிக்கொண்டிருந்தது. மறுநாள் தட்டு கட்டுக்கடங்காத வேகத்தில் சுற்றியது. சலசலப்போ தடுமாற்றமோ, ஒரு முன்னறிவிப்பும் கிடையாது.

அதனால் இந்தப் பொழுதுபோக்கில் இறங்கும் எவருக்கும் முதல் கருவியாக நான் சொல்வது பெல்ட் டிரைவ். திருத்தியமைக்கத் திருத்தியமைக்க உங்களுக்கே டர்ன்டேபிள் என்றால் என்ன என்று பிடிபடும். டைரக்ட் டிரைவ் வேண்டுமென்றால் பரவலாக விற்ற மாடலாக, உதிரி கிடைப்பதாகப் பாருங்கள். அபூர்வ மாடலின் அழகில் மயங்க வேண்டாம். ஐட்லரை 78 தட்டுகள் இருப்பவர்களுக்கும், கனமான மரப்பெட்டி செய்து பேரிங்கைக் கழற்றிச் சுத்தம் செய்யும் பொறுமை உள்ளவர்களுக்கும் விட்டுவிடலாம்.

எதை வாங்கப் போனாலும் மனப்பாடமான தட்டு ஒன்றையும், 180 கோடு போட்ட ஸ்ட்ரோப் தாளையும் கையில் கொண்டுபோங்கள். 60 ஹெர்ட்ஸ் நாடு என்றால் 216 கோடு. குண்டு பல்பின் கீழே கோடுகள் நகராமல் நின்றால் வேகம் சரி. பிறகு மோட்டாரை நிறுத்திவிட்டு, பெல்ட்டையோ சக்கரத்தையோ விடுவித்து, தட்டைக் கையால் சுழற்றிவிட்டுக் காதைப் பக்கத்தில் வையுங்கள். நல்ல பேரிங் சத்தமில்லாமல் வெகுநேரம் ஓடி நிற்கும். மணல் அரைபடுவது போல ஒலித்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.