பால் பல்லையும் பல்லாக மதிக்கிற இடம்

தருமபுரியிலிருந்து சேலத்துக்கு 60 கிலோமீட்டருக்கு மேல். பல் டாக்டரைப் பார்க்கவா அவ்வளவு தூரம் என்று வீட்டில் கேட்காத ஆள் இல்லை. ஆனாலும் ஐந்து ரோடு பக்கத்தில் இருக்கிற இந்தக் குழந்தைகள் பல் கிளினிக்குக்குத்தான் ஏழு வயதுப் பையனையும் இரண்டு வயதுப் பெண்ணையும் தொடர்ந்து கூட்டிப் போகிறேன். பஸ் அலைச்சலுக்குத் தகுந்த வைத்தியம் கிடைக்கிறது.

பையனுக்குக் கீழ்க் கடைவாயில் ஒரு பால் பல் சொத்தை. முதலில் காட்டிய வேறொரு இடத்தில், "விழப்போற பல்தானேம்மா" என்று சொல்லிப் பிடுங்கிவிட்டு, மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்தக் காலி இடத்தை அப்படியே விட்டால் என்ன ஆகும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

இங்கே டாக்டரம்மா எக்ஸ்ரே எடுத்து, திரையில் பெரிதாக்கிக் காட்டினார். பிடுங்கிய பால் பல் இருந்த இடத்துக்கு அடியில், எலும்புக்குள், நிலைப்பல் உருவாகிக்கொண்டிருப்பது தெளிவாகத் தெரிந்தது. முன்பற்கள்தான் ஆறு, ஏழு வயதில் விழும். கடைவாய்ப் பால் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை வாயில் இருக்க வேண்டியவை. நடுவில் ஒன்றை எடுத்துவிட்டால் பின்னால் இருக்கிற பெரிய பல் முன்னால் சாய்ந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அடியிலிருந்து வர வேண்டிய பல்லுக்கு வழி இருக்காது, கோணலாக வரும். அதைத் தடுக்கப் பின் பல்லுக்கு அளவெடுத்து, மோதிரம் மாதிரி ஒரு எஃகு வளையம் போட்டு, அதிலிருந்து ஒரு கம்பியைக் காலி இடத்துக்கு முன்னால் இருக்கிற பல் வரை நீட்டி ஒட்டிவிட்டார். புதுப் பல் எட்டிப் பார்க்கும்வரை அது இருக்கும். இரண்டு நாள் நாக்கால் தடவிக்கொண்டே இருந்தான், அப்புறம் மறந்துவிட்டான். ஒட்டும் மிட்டாய், சூயிங்கம் மட்டும் கூடாது.

பால் பற்கள் எதுவும் விழாமலேயே, வரிசைக்குக் கடைசியில், ஆறு வயதுவாக்கில் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். அது பால் பல் இல்லை, ஆயுசுக்கும் இருக்க வேண்டிய பல். பழைய பல் விழாமல் வருவதால் பல பெற்றோருக்கு அது வந்ததே தெரிவதில்லையாம். அதன் மேல்பரப்பில் ஆழமான பள்ளங்கள் இருக்கும், பிரஷ் முடி உள்ளே போகாது, சோறும் பிஸ்கட்டும் போய் அடைந்துகொள்ளும். பையனுக்கு அந்தப் பற்களில் சீலன்ட் போட்டார்கள். பல்லைச் சுத்தம் செய்து, நீல நிற ஜெல் தடவிக் கழுவி, பஞ்சு வைத்துக் காயவைத்து, பள்ளங்களில் பசை மாதிரி ஒன்றை ஓடவிட்டு நீல விளக்கைக் காட்டினால் இறுகிவிடுகிறது. ஊசி இல்லை, டிரில்லும் இல்லை. எதைச் செய்வதற்கு முன்னாலும், "இது தண்ணி அடிக்கிற குழாய், கண்ணு. இப்ப உன் விரல்ல அடிக்கிறேன் பாரு" என்று கையில் காட்டிவிட்டுத்தான் வாய்க்குக் கொண்டுபோனார். பிடித்து அமுக்கவே இல்லை.

அந்தப் பல் முளைத்து வருகிற சமயத்தில் மற்றப் பற்களைவிடத் தாழ்வாக இருக்கும். நேராகத் தேய்த்தால் பிரஷ் அதன் மேல் படாது. கன்னத்துப் பக்கமிருந்து குறுக்காகப் பிரஷ்ஷை விட வேண்டும் என்று என் கையைப் பிடித்தே செய்ய வைத்தார். எட்டு வயது வரை இரவில் பெரியவர்தான் தேய்த்துவிட வேண்டும் என்பது அவர் கண்டிப்பு.

சின்னவளை நாற்காலியில் ஏற்றவே இல்லை. டாக்டரும் நானும் முழங்கால் முட்ட எதிரெதிராக உட்கார்ந்தோம். பிள்ளையின் கால் என் இடுப்பில், தலை அவர் மடியில். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள். மேல் முன்பல்லில், ஈறு ஓரமாகச் சுண்ணாம்புக் கோடு மாதிரி வெள்ளையாக ஏதாவது தெரிகிறதா என்று உதட்டைத் தூக்கிப் பார்த்தார். சொத்தை அப்படித்தான் தொடங்குமாம், குழி விழுவதெல்லாம் அதற்கப்புறம். அவளுக்கு ஒன்றும் இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது அவர் கேட்ட ஒரு கேள்வி: "வீட்ல குடிக்கிறது என்ன தண்ணி?" எங்கள் மாவட்டத்தில் இதைக் கேட்காமல் குழந்தைகள் பல்லைப் பற்றிப் பேசக்கூடாது. போர் தண்ணீரில் ஃபுளூரைடு அதிகம் என்பதால் பழுப்புக் கறை படிந்த பல்லோடு ஒரு தலைமுறையே வளர்ந்திருக்கிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல்தான் வந்தது. அந்தக் கறை பல் தேய்க்காததால் வருவதில்லை, ஈறுக்குள் பல் உருவாகிற வயதிலேயே விழுந்துவிடுவது. ஒரு லிட்டர் தண்ணீரில் ஃபுளூரைடு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, 1.5-ஐத் தாண்டவே கூடாது. போர் தண்ணீர் குடிக்கிறவர்கள் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்துவிட்டு வாருங்கள் என்கிறார். எங்கள் வீட்டில் ஒகேனக்கல் தண்ணீர் என்றதும், ஃபுளூரைடு பேஸ்டே போடலாம், அளவுதான் முக்கியம் என்றார். சின்னவளுக்கு அரிசி மணி அளவு, பையனுக்குப் பட்டாணி அளவு. விழுங்காமல் துப்ப வேண்டும். விளம்பரத்தில் பிரஷ் நீளத்துக்குப் பிதுக்குவதைப் பார்த்துச் செய்யாதீர்கள்.

செலவு கொஞ்சம் அதிகம்தான். சீலன்ட் ஒரு பல்லுக்கு 800 ரூபாய் வாங்கினார்கள். "விழப்போற பல்லுக்கு இவ்வளவா?" என்று அத்தை கேட்டார்கள். எக்ஸ்ரேவைக் காட்டினேன், அப்புறம் அவர்களே பக்கத்து வீட்டுக்காரருக்கு விளக்கிக்கொண்டிருந்தார்கள். தேவையில்லாத எதையும் தலையில் கட்டவில்லை. பையனின் முன்பற்களுக்கு நடுவே இருக்கிற இடைவெளிக்குக் கம்பி போடலாமா என்று நானே கேட்டபோது, இந்த வயதில் அது இயல்பு, பக்கத்துப் பற்கள் வர வரப் பெரும்பாலும் மூடிக்கொள்ளும் என்று திருப்பி அனுப்பினார்.

குறை என்றால் சனிக்கிழமைக் கூட்டம். நேரம் வாங்கிப் போனாலும் ஒன்றரை மணி நேரம் காக்க வைக்கிறார்கள். பசியும் தூக்கமுமாக இருக்கிற குழந்தை வாயைத் திறக்குமா? காத்திருக்கும் அறையில் கார்ட்டூன் சத்தம் வேறு காதைப் பிளக்கும். மாடிப்படி ஏற வேண்டும், லிஃப்ட் கிடையாது. வார நாளில் காலை முதல் ஆளாகப் போய்விடுங்கள், பழைய எக்ஸ்ரே இருந்தால் கையோடு கொண்டுபோங்கள்.