நானோ இரும்பா, மேக்னடைட்டா? நுண்ணலை உறிஞ்சும் தகட்டுக்கு எதைக் கலப்பது

எபாக்ஸியில் நானோ துகளைக் கலந்து, 8 முதல் 12 ஜிகாஹெர்ட்ஸ் வரையிலான அலையை உறிஞ்சும் தகடு ஒன்று செய்ய வேண்டியிருந்தது. கையில் மூன்று வழிகள்: நானோ இரும்பு, மேக்னடைட் என்ற காந்தத்தன்மையுள்ள இரும்பு ஆக்சைடு, கார்பன் நானோகுழாய். நான் மேக்னடைட்டை எடுத்தேன். இன்று யார் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

நானோகுழாயைச் சீக்கிரம் முடித்துவிடலாம். எடை குறைவு, ஒரு சதவீதத்துக்கும் கீழே போட்டாலே பெரும்பாலும் மின்சாரம் ஓடப் பாதை கிடைத்துவிடும். ஆனால் கொஞ்சம் கூடிப்போனால் விடுதிறன் (மின்புலத்துக்குப் பொருள் காட்டும் எதிர்வினை) எகிறி, தகட்டின் மின்மறுப்பு (அலைக்கு அது காட்டும் எதிர்ப்பு) காற்றின் 377 ஓமிலிருந்து வெகுதூரம் விலகி, அலை உள்ளே நுழையாமல் மேற்பரப்பிலேயே திரும்பிவிடும். கவசமாக வேண்டுமானால் சரி, உறிஞ்சுவதற்குத் தனியாக அது போதாது.

உண்மையான போட்டி இரும்புக்கும் மேக்னடைட்டுக்கும்தான். அட்டவணையைப் பார்த்தால் இரும்பு ஜெயித்துவிட்டது என்றே தோன்றும்: தெவிட்டு காந்தமாக்கம், அதாவது ஒரு பொருள் அதிகபட்சம் எட்டக்கூடிய காந்தமாக்கம், கிராமுக்குச் சுமார் 218 இஎம்யு (காந்த அலகு), மேக்னடைட்டுக்கு 92தான், அதுவும் நானோ அளவில் இன்னும் குறையும். காந்தமாக்கம் குறைந்த பொருளால் உயர் அதிர்வெண்ணில் உட்புகுதிறனை (காந்தப்புலத்துக்குப் பொருள் காட்டும் எதிர்வினையை) உயர்வாகத் தக்கவைக்க முடியாது என்பது 1948-இல் ஸ்னூக் காட்டிய வரம்பு. மேக்னடைட்டுக்கு 10 ஜிகாஹெர்ட்ஸ் பக்கம் போனாலே உட்புகுதிறன் கிட்டத்தட்ட 1-க்கு, அதாவது காந்தமில்லாப் பொருளின் அளவுக்கு, இறங்கிவிடுகிறது. இதை மறைக்க முடியாது.

அப்புறம் ஏன் மேக்னடைட்? துரு. 20 நானோமீட்டர் இரும்புத் துகள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். காற்று பட்டதும் அதன் மேல் 3 நானோமீட்டர் ஆக்சைடு தோல் படிந்துவிடும், பார்க்க ஒன்றுமில்லாத மாதிரிதான் இருக்கும். ஆனால் உள்ளே மிஞ்சும் கருவின் விட்டம் 14 நானோமீட்டர், கன அளவில் வெறும் 34 சதவீதம். மீதி மூன்றில் இரண்டு பங்கு, ஒழுங்கு குலைந்த ஆக்சைடு. அதாவது இரும்பு என்று நினைத்துக் கலந்ததில் பெரும்பகுதி, ஒழுங்காகத் தயாரித்த மேக்னடைட்டைவிட மட்டமான ஒரு பொருள். ஈரமும் சூடும் சேர்ந்தால் அந்தத் தோல் இன்னும் தடிக்கும். தோலே படியாத புது நானோ இரும்போ, காற்று பட்டாலே தீப்பிடிக்கும்.

காந்தம் குறைவதைவிடப் பெரிய தலைவலி, துருவால் பொருளின் குணம் மாறிக்கொண்டே இருப்பது. தகட்டின் தடிமனை உள்ளே ஓடும் அலைநீளத்தின் கால் பங்குக்குப் பொருத்தித்தான் வெட்டுகிறோம், அந்த அலைநீளமோ விடுதிறனையும் உட்புகுதிறனையும் பொறுத்தது. பொருள் மாறினால் -20 டெசிபெல் பள்ளம், அதாவது திரும்பும் அலை நூறில் ஒரு பங்காகக் குறையும் இடம், நாம் வைத்த அதிர்வெண்ணை விட்டு நகரும், தகட்டைத் திரும்ப இழைக்கவும் முடியாது. மேக்னடைட்டும் ஆக்சிஜனேற்றம் அடையும்தான். கறுப்பு பழுப்பாக மாறினால் மேக்ஹெமைட் (இன்னொரு வகை இரும்பு ஆக்சைடு) ஆகிக்கொண்டிருக்கிறது என்று கண்ணாலேயே தெரிந்துவிடும். மின்கடத்தல் குறையும், ஆனால் காந்தமாக்கம் 80-ஐ ஒட்டி நிற்கும், சரிவு அவ்வளவு பெரிதில்லை.

உயர் அதிர்வெண்ணில் குறைகிற உறிஞ்சும் திறனை ஈடுகட்ட, மேக்னடைட்டோடு நானோகுழாயைத் துளியளவு சேர்ப்பதுதான் என் வழி. சிலிக்கா பூசிய நானோ இரும்பில் எனக்குப் பழக்கம் குறைவு, அதனால் அதை ஒதுக்கச் சொல்ல மாட்டேன். 2 முதல் 4 ஜிகாஹெர்ட்ஸுக்கு மெல்லிய தகடுதான் வேண்டும், எடை கூடினாலும் பரவாயில்லை என்றால் மைக்ரான் அளவு கார்போனைல் இரும்பை (இரும்புக் கார்போனைலிலிருந்து எடுக்கும் நுண் இரும்புத் தூள்) பாருங்கள். அந்த அளவில் 3 நானோமீட்டர் தோல் ஒரு பொருட்டே இல்லை.