‘கழுவிய நார்த்தூள்’ என்று நம்பி ரூ. 1,26,000 இழந்தேன்: பசுமைக்குடில் வைத்திருப்போர் கவனத்திற்கு

நார்த்தூள் வாங்கிய கைபேசிச் செயலிக்காரர்கள் நேற்று மாலை என் புகாரை ‘தீர்க்கப்பட்டது’ என்று குறித்து மூடிவிட்டார்கள். எதுவும் தீரவில்லை. 900 பை தேங்காய் நார்த்தூளுக்கு ரூ. 1,08,000, லாரி வாடகையும் இறக்குகூலியுமாக ரூ. 18,000, ஆக மொத்தம் ரூ. 1,26,000 போனது போனதுதான். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் ‘நம் நேரம்’ என்று நாமே நம்மைத் தேற்றிக்கொண்டு விட்டுவிடுவோம், அந்தத் தைரியத்தில்தான் இவர்கள் அடுத்தவருக்கு விற்கிறார்கள்.

ஓசூர் பக்கத்தில் எனக்கு 25 சென்ட்டில் ஒரு பசுமைக்குடில் இருக்கிறது. ஆறு ஆண்டுகளாக மண்ணிலேயே குடைமிளகாய் வைத்து வந்தேன். கடைசி இரண்டு பருவங்களிலும் நூற்புழு தாக்கியதில், பிடுங்கிய செடியின் வேரெல்லாம் மணி கோத்ததுபோல முடிச்சு முடிச்சாக இருந்தது. மருந்து ஊற்றிச் சலித்துப்போய், மண்ணையே விட்டுவிட்டு மீட்டர் நீள நார்த்தூள் பைகளுக்கு மாறுவது என்று முடிவு செய்தேன். பைக்கு மூன்று செடி வீதம் 2,700 நாற்றுகளுக்கு நாற்றுப்பண்ணையில் முன்பணமும் கட்டிவிட்டேன். அதுதான் முதல் தவறு என்று இப்போது தெரிகிறது, ஏனெனில் நாற்று வரும் தேதி நெருங்க நெருங்கப் பையை அவசரமாகத்தான் வாங்க வேண்டியிருந்தது.

வேளாண் இடுபொருள் விற்கும் ஒரு கைபேசிச் செயலியில் பொள்ளாச்சிப் பக்கத்து விற்பனையாளர் ஒருவரைக் கண்டேன். ‘கழுவியது, கால்சியம் நைட்ரேட்டில் ஊறவைத்தது, ஈசி 0.5க்குக் கீழ்’ என்று போட்டிருந்தார். ஈசி என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் அளவு, எண் ஏற ஏற உப்பு அதிகம். நேரில் வந்து களத்தைப் பார்க்கிறேன் என்றுதான் முதலில் சொன்னேன். “எதுக்குண்ணா அவ்வளவு தூரம் அலையறீங்க, இருந்த இடத்திலயே காட்டறேன்” என்று காணொளி அழைப்பில் வந்தார். மலைபோல் குவிந்திருந்த நார்த்தூளிலிருந்து என் கண்முன்னே இரண்டு கை அள்ளி ஒரு வாளித் தண்ணீரில் போட்டுக் கலக்கி, ஈசி மீட்டரை விட்டு, எண்ணைக் கேமராவுக்கு நேராகப் பிடித்தார். 0.4 காட்டியது. அந்த ஒரு நொடியில் நான் விழுந்தேன். பின்னால் தேங்காய் மட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள், அவருடைய அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், இவர்கள் ஏமாற்றுவார்களா என்று தோன்றியது. வாளியில் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு தூள் என்று கேட்கத் தோன்றவில்லை. வாளி நிறையத் தண்ணீரில் இரண்டு கை தூளைப் போட்டால் எந்தக் குப்பையும் 0.4 தான் காட்டும்.

“எங்க ஊர் மட்டை உப்பங்கழியில ஊறினதில்லண்ணா, உப்பே இருக்காது” என்றும் சொன்னார். இதில் பாதிதான் உண்மை. நார் பிரிப்பதற்காகக் கடலோர உப்பங்கழியில் ஊறவைக்காத மட்டையாக இருந்தாலும், தென்னை தன் இயல்பிலேயே மட்டையில் சேர்த்து வைக்கும் பொட்டாசியமும் குளோரைடும் தூளில் இருக்கத்தான் செய்யும். அதைக் கழுவி எடுக்க நல்ல தண்ணீர் ஏராளமாக வேண்டும், களத்தில் நாட்கணக்கில் இடம் வேண்டும். அந்தச் செலவை மிச்சம் பிடித்துவிட்டு, கழுவிய தூளின் விலையை என்னிடம் வாங்கியிருக்கிறார்கள்.

அமுக்கிய நிலையில் பைகள் வந்தன, நனைத்தேன், ஊதிப் பெருத்தன. உரக்கரைசலை 1.6 ஈசியில் வைத்து நட்ட நான்காம் நாள் இலை ஓரம் கருகத் தொடங்கியது. பைக்கு அடியில் வடிந்த தண்ணீரைப் பிடித்து அளந்தால் 4.9 காட்டியது. மீட்டர்தான் கெட்டுவிட்டதென்று நினைத்துப் பக்கத்துத் தோட்டத்தில் இன்னொன்றை இரவல் வாங்கி அளந்தேன், அதுவும் அதையே சொன்னது. பைக்கு 20 லிட்டர் வீதம் வெறும் தண்ணீர் விட்டேன். ஒருமுறை கழுவ மட்டும் 18,000 லிட்டர். வடிநீரில் உப்பு குறைந்தது, மறுநாள் கால்சியம் சேர்ந்த உரத்தை விட்டதும் மீண்டும் ஏறியது. தண்ணீரில் கரைந்து நிற்கும் உப்பு மட்டுமே கழுவினால் போகும். தூளோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பொட்டாசியமும் சோடியமும் கால்சியம் வந்து இடம் பிடிக்கும்போதுதான் வெளியே வரும். செடிக்கென்று நாம் கொடுக்கும் கால்சியத்தையும் அந்தத் தூளே தின்றுவிடுகிறது. கால்சியம் நைட்ரேட்டில் ஊறவைத்ததாகச் சொன்னது முழுப் பொய் என்று அப்போதுதான் உறைத்தது. இதுவரை 1,100 நாற்றுகள் போய்விட்டன. அந்த நஷ்டத்தை நான் ரூ. 1,26,000இல் சேர்க்கவில்லை.

அதன்பின் நடந்ததுதான் உப்பைவிட அதிகம் எரிகிறது. முதல் அழைப்பில், “உங்க போர் தண்ணிலதான் உப்பு இருக்கும்ணா” என்றார். தண்ணீரின் ஈசி 0.7 என்று படம் பிடித்து அனுப்பினேன். அடுத்த அழைப்பில் உரத்தை நான் கூட்டிவிட்டேன் என்றார். மூன்றாவது அழைப்பில், பைகளைத் திருப்பி அனுப்பினால் பார்க்கலாம், வாடகை என்னுடையது என்றார். தண்ணீர் குடித்து உப்பிய 900 பைகளைத் திரும்ப அமுக்கி லாரியில் ஏற்ற முடியாதென்று அவருக்குத் தெரியாதா? நான்காவது அழைப்பு போகவே இல்லை, என் எண்ணைத் தடுத்துவிட்டார்.

செயலிக்காரர்கள் இன்னும் மேல். பார்சலைப் பிரிக்கும்போது எடுத்த காணொளி இருக்கிறதா என்று கேட்டார்கள். லாரியில் வந்த 900 பைக்கு! சரக்கு இறங்கிய ஏழு நாட்களுக்குள் புகார் செய்திருக்க வேண்டுமாம். நனைத்து, நட்டு, இலை கருகி, காரணம் கண்டுபிடிக்க எனக்குப் பதினொரு நாள் ஆனது. ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு பெண் குரல், புதிதாகப் புகார் எண், முதலிலிருந்து முழுக் கதை. கடைசியில் 200 ரூபாய்த் தள்ளுபடிக் கூப்பன் ஒன்று வந்தது. ரூ. 1,26,000க்கு 200 ரூபாய்! தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்திருக்கிறேன்.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது நேரமில்லை. ஈசி எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள், ஒரு பங்கு தூளுக்கு எத்தனை பங்கு தண்ணீர் வைத்து அளந்தது என்று கேளுங்கள். மொத்தமாக வாங்கும் முன் பத்துப் பை மட்டும் வரவழைத்து, நனைத்து, கால்சியம் நைட்ரேட் கரைசலை விட்டு, மறுநாள் வடிநீரை நீங்களே அளந்து பாருங்கள். பணத்தை முழுவதும் முன்கூட்டிக் கட்டாதீர்கள். பை கைக்கு வந்து சோதித்து முடியும்வரை நாற்றுக்கு நாள் குறிக்காதீர்கள். மும்முனை மின்சாரம் வந்துவிட்டது, மிச்சமிருக்கும் 1,600 செடிகளுக்காக இன்னொரு முறை பைகளைக் கழுவப் போகிறேன்.